வெள்ளிக்கிழமை, போயா, ஒரு வான்

கம்பஸ் முடித்து 11 வருடங்கள் கழித்து, எங்கள் பெட்ச்சில் இரண்டு பேர் குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வருகிறோம் என்று வட்ஸ்அப்பில் எழுதினார்கள். அன்றிரவே மகனின் பழைய கொப்பியொன்றின் கடைசித் தாளில் நான் இடங்களை எழுதத் தொடங்கிவிட்டேன். பாசிக்குடா, வந்தாறுமூலையில் எங்கள் கம்பஸ், புளியந்தீவுக் கோட்டை, பாலமீன்மடு வெளிச்சவீடு, மாமாங்கேஸ்வரர் கோயில், விபுலாநந்த அடிகளாரின் சமாதி, கொக்கட்டிச்சோலை, காத்தான்குடி, இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்பது. ஒன்பது இடம், ஒரே நாள். என் கணவர் தாளை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "இதில சாப்பிடுறது எங்க?" என்று கேட்டார்.

நான் நண்டு என்றேன். மட்டக்களப்புக்கு வருகிறவர்களுக்கு வேறு என்ன கொடுப்பது? வாவி நண்டை உறைப்பாக ஆக்கி, பிட்டோடு வைத்தால் போதும். பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "புள்ள, அண்டைக்கு என்ன கிழமை எண்டு பாத்தயா?"

பார்க்கவில்லை. ஜூன் மாதத்துப் போயா, அதாவது பௌர்ணமி லீவு, என்பதை மட்டும்தான் பார்த்திருந்தேன். வெள்ளியும் சனியும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் லீவு. யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் காத்தான்குடிக் கடைகள் பூட்டியிருக்கும். போயா என்றால் இறைச்சிக்கடை கிடையாது, சாராயக்கடையும் கிடையாது. (பின்னதைக் கேட்டு ஒருவர் முகம் வாடியது தனிக் கதை.) எங்கள் பக்கத்தில் ஒரு நாள் ஊர்சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் கலண்டரை விரிக்க வேண்டும். அதிலும் பஞ்சாங்கம் போட்ட கலண்டர் நல்லது. ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்த நாளில் இதே திட்டத்தோடு இறங்கியிருந்தால் அமிர்தகழிப் பக்கம் வானைத் திருப்பவே இடம் கிடைத்திருக்காது.

நண்டைச் சனிக்கிழமை காலைக்குத் தள்ளினோம். அடுத்த சண்டை மத்தியானச் சாப்பாடு. வீட்டுக்கு ஆட்கள் வரும்போது அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டா. விடியச் சம்பல் அரைக்கத் தொடங்கினால் பின்னேரம் பாத்திரம் கழுவி முடிக்கும் வரைக்கும் அங்கேதான். பிறகு விருந்தாளிகள் போகும்போது, "அம்மாவோட கதைக்கவே கிடைக்கல்ல" என்பார்கள். இந்த முறை அது கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா வீட்டில் வைத்துச் சோறு சமைத்துக் கொடுக்கிறவ. எல்லாருக்கும் மரக்கறிச் சாப்பாடு முதல் நாளே சொல்லிவிட்டேன். "வீட்டுக்கு வாற ஆக்களுக்குக் காசுக்குச் சோறா?" என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் கத்தரிக்காய்ப் பால்கறியை மட்டும் தான் வைப்பேன், தயிர்ச் சட்டியைத் தானே பார்த்து வாங்குவேன் என்று சமாதானம். எனக்கு அது போதும்.

வானில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், அது பின்னால் தேவைப்படும். எங்கள் வீட்டில் ஆறு பேர்: நான், கணவர், பிள்ளைகள் இரண்டு, அம்மா, அப்பா. யாழ்ப்பாணத்துக்காரி, அவளுடைய கணவர், எட்டு வயது மகள். ஹட்டன்காரன், அவன் மனைவி, அவனுடைய அம்மா. காத்தான்குடி நண்பன் மட்டும் வீட்டாரில்லாமல் தனியாக. காலையில் எங்களோடு வந்து, ஜும்ஆவுக்கு முன் இறங்கி, இரவு எல்லாருக்கும் அவன் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. 14 சீற் வான். காகிதத்தில் 13 பேருக்கு அது தாராளம். இடியப்பப் பெட்டி, சொதி வாளி, தண்ணீர்ப் போத்தல் பெட்டி, மாற்றுடுப்புப் பைகள் எல்லாம் ஏறிய பிறகு சம்பல் பாத்திரம் என் மடியில்தான் பாசிக்குடா வரைக்கும் வந்தது. ஆளுக்கு ஒரு சீற், நாலு ஆளுக்கு ஒரு சீற் சாமானுக்கு. இனிமேல் என் கணக்கு அதுதான்.

காலை ஐந்தேமுக்காலுக்குப் புறப்பட்டோம். ஜூன் மாதத்தில் இங்கே ஒன்பது மணி வெயில் மற்ற ஊர்ப் பன்னிரண்டு மணி வெயில். அதோடு கச்சான் காற்றும் அடிக்கத் தொடங்கிவிட்டால் வாய் காய்ந்து, முகமெல்லாம் மண். "கச்சான் காத்தெண்டா கடலை பறந்து வருமா?" என்று யாழ்ப்பாணத்துச் சின்னப்பிள்ளை கேட்டதற்கு வானே சிரித்தது. மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று அது என்று அப்பா விளக்கப் போனார், யாரும் கேட்கவில்லை.

பாசிக்குடாவுக்குக் குடும்பத்தோடு போவதென்றால் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், அதுவும் காலையில் போகவேண்டும். வருடக் கடைசியில் வாடை மழை தொடங்கினால் அந்தக் கடல் வேறு கடல். அமைதியாக இருக்கும்போது கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆழம் குறைவு என்பதற்காகக் கண்ணை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எங்கேயோ போய்விடுகிறார்கள். இன்ன பிள்ளைக்கு இன்ன பெரியாள் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்தோம். "எல்லாரும் பாத்துக்கொள்ளுங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஹட்டன்காரனின் அம்மாவுக்கு அது முதல் கடல். எழுபதைத் தாண்டிய மனுஷி, வாழ்நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சேலையை முழங்காலுக்குக் கீழே ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றார். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, தண்ணீர் வந்து வந்து கால்விரலை நக்கிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பின்னால் வைத்து, பிறகு அதே அடியை முன்னால் வைத்தார். எங்கள் அம்மா பத்து அடி தள்ளி, செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தா. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அம்மா கடலில் கால் வைத்ததில்லை. கல்லடியில் இருக்கிறோம், வீட்டிலிருந்து நடந்தால் கடல், ஆனாலும் இல்லை. சின்னம்மாவின் வீடு நாவலடியில் இருந்தது. அதற்கு மேல் அதை எழுதப் போவதில்லை.

ஹட்டன் அம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்து, "நீங்க வரலீங்களா? எனக்குத் தனியா நிக்க பயமா இருக்குங்க" என்று கையை நீட்டினார். நான் குறுக்கே போகலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டா. இரண்டு பேரும் கணுக்கால் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கால்மணி நேரம் நின்றார்கள். என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். "அவட மருமகள் உப்புக் குறைச்சுத்தான் சமைக்கிறாவாம்" என்றா அம்மா.

காலைச் சாப்பாட்டைக் கடற்கரை மர நிழலில் விரித்தோம். இடியப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி. வாழையிலையில் பத்துப் பத்தாகப் பொதி கட்டியதுதான் புத்தி. பெரிய பெட்டியில் அள்ளிப் போட்டிருந்தால் காற்றுக்கு மண் விழுந்திருக்கும். பிள்ளைகள் கேட்டதற்காக ஒரு சாப்பாட்டுக் கடையில் ஃபிரைட் ரைஸ் சொன்னது பிழை. லீவு நாள் கூட்டம், ஒன்றேகால் மணித்தியாலம் காத்திருந்தோம். வந்தபோது பிள்ளைகள் இடியப்பத்தால் வயிறு நிரம்பி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றேகால் மணித்தியாலம்தான் பிறகு நாள் முழுவதும் எங்களைத் துரத்தியது.

திரும்பி வரும் வழியில் வந்தாறுமூலை. பிரதான வீதியிலேயே இருக்கிறது எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது என்று முதலாம் வருட வரவேற்பில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள், இன்னும் மறக்கவில்லை. லீவு நாள், வாசல் பூட்டு. உள்ளே விட அனுமதி வேண்டும் என்றார் காவலாளி. அவர் சொன்னது சரி. ஒரு கிழமைக்கு முன் யாரையாவது பிடித்துக் கேட்டிருக்க வேண்டியது நான்.

சரி, எதிரே தேநீர்க் கடை இருக்கிறதே என்று நாங்கள் நாலு பேரும் இறங்கினோம். ஐந்து நிமிடம் என்று சொல்லித்தான். பிளேன்ரீ வந்தது, கதை வந்தது. ஹொஸ்டலில் குழாயில் தண்ணீர் வராத கதை, பரீட்சைக்கு முதல் நாள் பவர் போன கதை, ஒரு விரிவுரையாளர் கரும்பலகையைப் பார்த்தே ஒரு மணித்தியாலம் கதைக்கிற விதம். யாழ்ப்பாணத்துக்காரி முதலாம் வருடம் முழுவதும் எங்கள் "மறுகா"வைப் பிடித்துக்கொண்டு பட்ட பாடு. "மறுகா எண்டா திருப்பியா, பிறகா, பிந்தியா?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், இரண்டாம் வருடம் அவளே "மறுகா என்னடி நடந்தது?" என்று கேட்கத் தொடங்கினாள். ஊருக்குப் போய் அப்படியே கதைத்து அவளுடைய அம்மாவிடம் ஏச்சு வாங்கினாளாம். வயிறு நோகச் சிரித்தோம்.

நாற்பது நிமிடம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் வானின் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. அப்பா துவாயால் விசிறிக்கொண்டிருக்கிறார். ஹட்டன்காரன் மனைவி போனைப் பார்க்கிறா, ஆனால் போனில் ஒன்றும் இல்லை என்பது முகத்தில் தெரிகிறது. யாழ்ப்பாணத்துக் கணவர் வீதியில் போகிற பஸ்ஸின் இலக்கங்களை வாசித்துக்கொண்டு நிற்கிறார். என் மகள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நீங்க மட்டும் ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த நாளில் நான் செய்த பெரிய பிழை இதுதான். ஒரு வானில் இரண்டு கூட்டத்தை ஏற்றியிருந்தேன். காலையிலிருந்து பின் சீற்றில் பெட்ச் ஆட்கள், முன் சீற்றுகளில் கட்டியவர்களும் பெற்றவர்களும். பின்னால் சிரிப்பு, முன்னால் மரியாதைக்கு ஒரு புன்னகை. பழைய நண்பர்கள் சந்தித்தால் இது தானாக நடக்கும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அதனால்தான் வேண்டுமென்று மாற்றவேண்டும். நண்பர்களோடு மட்டும் கதைக்க ஆசையென்றால் அதற்கு ஒரு தனிப் பொழுது ஒதுக்கி, குடும்பத்தை வீட்டில் நிம்மதியாக விட்டுவிட்டுப் போகலாம். வெயிலில் நிற்கிற வானில் வைத்து அல்ல.

காத்தான்குடி நண்பனை மட்டக்களப்பு நகரில் இறக்கிவிட்டோம். அவன் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. வீட்டுக்கு வரும்போது ஒரு மணி. ஒழுங்கை அக்காவின் சோறு சூடாக வந்து இறங்கியது: பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், அப்பளம். "சுண்டலோ? இது வறையெல்லோ" என்றாள் யாழ்ப்பாணத்துக்காரி. "சுண்டல் எண்டா எங்களுக்குக் கடலைங்க" என்றா ஹட்டன்காரன் மனைவி. காலையிலிருந்து அவ சொன்ன முதல் முழு வசனம் அதுவென்று நினைக்கிறேன். அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று ஊர்க் கறிப் பெயர்களும் மேசையில் மோதின. நான் வாயைத் திறக்கவில்லை. கதை தானாக ஓடும்போது கெடுக்கக் கூடாது.

கடைசியில் தயிர். படுவான்கரைப் பட்டிகளிலிருந்து வரும் எருமைத் தயிர், மண்சட்டியில். தயிர் வாங்குவதற்கு அம்மாவிடம் ஒரு முறை இருக்கிறது. சட்டியைக் கையில் எடுத்து மெல்லச் சரிப்பா. மேலே தண்ணீர் ஓடினால் கீழே வைத்துவிடுவா. ஆடை நகராமல் சட்டியோடு சேர்ந்து சரிந்தால் அதுதான். கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டிய இடம் சுவர் மாதிரி நிற்க வேண்டும். அதன்மேல் கித்துள் பாணி. ஹட்டன்காரன் இரண்டாம் தடவை வாங்கியபோது அவனுடைய அம்மா முறைத்தார், மூன்றாம் தடவை தானே அள்ளி வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றரை வரைக்கும் யாரும் எங்கேயும் போவதில்லை என்று கணவர் அறிவித்தார். பாய்கள் விரிந்தன. கொப்பியிலிருந்து மாமாங்கமும் கொக்கட்டிச்சோலையும் வெட்டுப்பட்டன. எனக்கு மனமில்லை. ஆனால் வயதானவர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம். அவர்களை மத்தியான வெயிலில் கோயில் கோயிலாக இழுப்பது புண்ணியமாகாது. அந்த நேரத்தில் பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தியும் இருக்கும். வெளியில் போகும்போது கழிப்பறை எங்கே என்பதையும் இந்த வயதுக்காரர்கள் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நாங்களே முன்கூட்டிப் பார்த்து, "இஞ்ச ஒருக்கா இறங்குவம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் சங்கடமில்லை.

பின்னேரம் வானில் ஏறும்போது கணவர் ஒரு சட்டம் போட்டார். ஒரு சீற்றில் இரண்டு பெட்ச் ஆட்கள் இருக்கக் கூடாது. சொந்தக் கணவன் மனைவியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. விளையாட்டாகச் சொன்னதால் யாருக்கும் கோபம் வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கணவர் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் விழுந்தார். அவர் சரித்திரம் படிப்பிக்கிற வாத்தியார்; அப்பா தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர், சைக்கிளிலும் பாதையிலும் இரண்டு கரையும் அளந்தவர். இரண்டு பேருக்கும் காது கிடைத்துவிட்டது.

கோட்டை வாசலில் ஒல்லாந்தக் கம்பனியின் மூன்று எழுத்துச் சின்னத்தை வாசித்துவிட்டு என் மகன், "வி.ஓ.சி. எண்டா கப்பலோட்டியவர்தானே, அவர் இஞ்சயும் வந்தாரா?" என்று கேட்டான். வாத்தியார் உற்சாகமாகிவிட்டார். இவர்களும் கப்பலோட்டியவர்கள்தான், ஆனால் எதிர்ப் பக்கம் என்று தொடங்கி, போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, அதற்கும் முன்னால் 1602இல் முதல் ஒல்லாந்தக் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தது வரைக்கும் பிள்ளைகளை மதிலோரம் நடக்க வைத்தே சொன்னார். நான் சொல்லியிருந்தால் இரண்டாம் வருடத்திலேயே ஓடியிருப்பார்கள். உள்ளூர்க்காரர்தான் வழிகாட்ட வேண்டும் என்றில்லை. விருந்தாளி ஒருவருக்குத் தெரிந்ததை அவரைக் கொண்டே சொல்லவைத்தால் அவருக்கும் அந்த நாள் சொந்தமாகிறது.

வெளிச்சவீட்டில் அப்பாவின் முறை. 1913இல் கட்டிய வெள்ளைக் கோபுரம், 28 மீட்டர் உயரம், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் வாவி, கண்டல் மரங்கள், மறுபக்கம் கடல். அப்பா மேற்கே கையைக் காட்டி, "சூரியன் படுற பக்கம், அதான் படுவான்கரை. எங்கட பக்கம் எழும்புற பக்கம், எழுவான்கரை" என்றார். அந்தப் பெயருக்கு அதுதான் அர்த்தம் என்று யாழ்ப்பாணத்துக்காரிக்கு நாலு வருடம் இங்கே படித்தும் தெரிந்திருக்கவில்லை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் அக்கரைக்குப் பாதையில்தான் போகவேண்டும். பாதை என்றால் இங்கே வழி அல்ல, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை. பென்சன் மணியோடரைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழை நாளில் பாதைக்காகக் காத்து நின்ற கதையை அப்பா சொன்னார். நான் பிறந்ததிலிருந்து அவரோடு இருக்கிறேன், அந்தக் கதையை அன்றுதான் கேட்டேன். போகமுடியாமல் போன கொக்கட்டிச்சோலையையும் அங்கே நின்றே சொல்லிமுடித்தார்: போர்த்துக்கேயன் கேலி செய்தபோது தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணம் போட்ட கதை. பிள்ளைகளுக்குச் சாணம் போட்ட இடம்தான் பிடித்தது. மூன்று தரம் சொல்லவைத்தார்கள்.

காசு விஷயம் ஒன்று. நாங்கள் எல்லாரும் "நான் தாறன், நீ விடு" என்று கடைக்காரருக்கு முன்னால் கையைப் பிடித்து இழுக்கிற ஆட்கள். அதில் கடைசியில் ஒருவருக்கு மனத்தாங்கல் வரும். காலையில் வானில் ஏறியதுமே ஒரு தொகையைக் குடும்பத்துக்கு இவ்வளவென்று சேர்த்து, பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு ஹட்டன்காரன் மனைவியிடம் கொடுத்துவிட்டோம். அவ வங்கியில் வேலை. இரவு மிச்சக் காசைச் சில்லறையோடு பிரித்துக் கையில் தந்தா. வேலை ஒன்று கையில் இருந்ததால்தான் அவ கொஞ்சம் கொஞ்சமாகக் கலகலப்பானாவோ என்று பிறகு யோசித்தேன்.

காத்தான்குடிக்குள் நுழையும்போது மஃரிப் தொழுகை முடிந்து வீதி நிறைந்திருந்தது. நடுவீதியில் வரிசையாகப் பேரீச்சை மரங்கள். பிள்ளைகள் இது எந்த நாடு என்று கேட்டார்கள். நண்பனின் உம்மா வாசலிலேயே நின்றார். எனக்குள் காலையிலிருந்து ஒரு உறுத்தல். எங்களில் நாலு பேர் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்கள் என்று அவனிடம் சொல்லியிருந்தேன், ஆனால் அவன் அதை வீட்டில் சொல்ல மறக்கிற சாதி. உம்மா அம்மாவின் கையைப் பிடித்து நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போனார். மூலையில் தனியாக ஒரு மண்சட்டியில் சொதி. சட்டியின் வெளிப்பக்கம் இன்னும் கரி பிடிக்கவில்லை. "நேத்துத்தான் வாங்கின சட்டி. ஒண்டும் பட்டதில்ல. அகப்பையும் புதுசு" என்றார். அம்மா சட்டியைத் தொட்டுப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்தா. பிட்டு, சொதி, வாழைப்பழம், சீனி என்று அங்கேயே இரண்டு பேரும் பலகையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஹட்டன் அம்மாவும் அவர் மருமகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

மற்றவர்களுக்குச் சஹன். பெரிய தட்டில் சோறு, மேலே இறைச்சி, பொரித்த கோழி, ஒரு ஓரத்தில் அச்சாறு. ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர். பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்கு முன்னால் இருக்கிற பங்கிலிருந்துதான் எடுக்கவேண்டும், நடுவுக்குக் கைபோடக் கூடாது. மெதுவாகச் சாப்பிடுகிறவருக்காக மற்றவர்கள் கையை எடுக்காமல் அளைந்துகொண்டிருப்பார்கள். ஆண்களின் சஹனில் அப்பா (வெள்ளிக்கிழமை எல்லாம் அம்மாவோடு சரி, வீட்டுக்கு வெளியே அவருக்குக் கிழமை கிடையாது), வாத்தியார், என் கணவர், ஹட்டன்காரன், நண்பன், அவனுடைய வாப்பா. காலையில் பின் சீற்று, முன் சீற்று என்று பிரிந்திருந்தவர்கள் இப்போது ஒரே தட்டில் எலும்பைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார்கள். வட்டிலப்பம் வந்தபோது அம்மா மெல்ல, "முட்டை போட்டதா?" என்று கேட்டா. உம்மா சிரித்துக்கொண்டே, "நாளைக்குச் சனிக்கிழமைதானே" என்று ஒரு பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்.

கல்லடிப் பாலத்துக்கு வரும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. 2013இல் திறந்த புதுப் பாலத்தில் வாகனங்கள். பக்கத்தில் லேடி மனிங் பெயரிலுள்ள பழைய இரும்புப் பாலத்தில் காற்று வாங்குகிற கூட்டம், கச்சான் விற்கிறவர்கள். முழு நிலா. பாலத்தில் நின்று மீன் பாடுவதைக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மோட்டார் சைக்கிள் பாடுவதுதான் கேட்கும். தோணியில் போய், எஞ்சினை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மேல்முனையில் காதை வைக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவர் வந்தார். பிள்ளைகளையும் வயதானவர்களையும் இரவில் தோணியில் ஏற்றுவதில்லை என்று நான் முதலே சொல்லியிருந்தேன். லைஃப் ஜாக்கெட் நாலுதான் இருந்தது, அதனால் நாலு பேர்தான். யார் போவது? பெட்ச் ஆட்கள் நாங்கள்தான் போகப்போகிறோம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், நானும்தான். யாழ்ப்பாணத்துக்காரி என்னைப் பார்த்தாள். "நாங்கள் நாலு பேரும் இஞ்ச இருப்பம். அவையள் போகட்டும்" என்றாள்.

என் கணவர், வாத்தியார், ஹட்டன்காரனின் மனைவி, காத்தான்குடியிலிருந்து கூடவே வந்திருந்த நண்பனின் மனைவி. நாலு பேரும் நிலவுக்குள் போனார்கள். நாங்கள் படியில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டு, மத்தியானம் பாதியில் விட்ட ஹொஸ்டல் கதையை முடித்தோம்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள், வரும்போதே சண்டை. 1848இல் இங்கே வந்து கேட்ட எமேர்சன் ரெனன்ற் என்ற வெள்ளைக்காரத் துரை, ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஓசை மாதிரி என்று எழுதியிருக்கிறார், தான் கேட்டது அச்சொட்டாக அதுதான் என்று வாத்தியார். அது மீனே அல்ல, அடியில் கிடக்கிற ஊரி என்கிற சங்குப் பூச்சிதான் கத்துகிறது என்று தோணிக்காரர். நண்பனின் மனைவிக்கு வீணைத் தந்தியை ஒரு தரம் தட்டிவிட்டது போல. என் கணவர் தண்ணீர் தோணியில் அடிக்கிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார்.

ஹட்டன்காரன் மனைவி ஒன்றும் சொல்லாமல் கடைசியாக இறங்கினா. "நீங்க கேட்டீங்களா?" என்று நான் கேட்டேன். "கேட்டுச்சுங்க" என்றா. "ஆனா இவங்க சொல்ற மாதிரி இல்ல." பிறகு எப்படி என்று எல்லாருமாகச் சூழ்ந்து கேட்டோம். அவ கொஞ்ச நேரம் யோசித்தா, உதட்டைக் குவித்து ஏதோ செய்து பார்த்தா, வரவில்லை. "நாளைக்கு நண்டு சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வானில் ஏறினா.